இரண்டாவது அடுப்பு

நவம்பர் 3, திங்கள்

பால் பொங்கி வழிந்து அடுப்பே அணைந்துவிட்டது. பவளம் இரண்டடி தள்ளி நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். எழுந்து வரவில்லை. "இந்து, பால்!" என்று கத்தியதோடு சரி. கேட்டால் காலில் தகடு இருக்கிறது என்பாள். அந்தத் தகட்டோடுதான் தினமும் மாடிப்படி இறங்கிப்போய் புதூர்ப் பெண்களுக்கெல்லாம் ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாள். பால் சட்டியைக் கண்டால் மட்டும் கால் வலி வந்துவிடும்.

கவுண்டரில் ஒருவர் உறவுமுறைக் கட்டத்தை நிரப்பாமல் படிவத்தை நீட்டினார். திருப்பிக் கொடுத்தேன். முணுமுணுத்துக்கொண்டே நிரப்பி வந்தார். இருபத்தெட்டு வருடத் தபால் நிலைய வாழ்க்கையில் கட்டம் காலியாக இருந்த படிவம் ஒன்றைக்கூட நான் வாங்கியதில்லை. அதனால் என்னை யாருக்கும் பிடிப்பதில்லை. பரவாயில்லை.

சாயங்காலம் பவளம் ஒரு செய்தித்தாள் துண்டை என் காபி டம்ளருக்கு அடியில் வைத்தாள். ஒருபாலின இணையர்கள் சேர்ந்து வாழ்ந்தால், ரேஷன் கார்டுக்கு அவர்களை ஒரே வீட்டாராகக் கருதலாம் என்று மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறதாம். போன வருடத்துச் செய்தி. இவ்வளவு நாள் எங்கே ஒளித்து வைத்திருந்தாளோ.

"என் கார்டை ஒப்படைச்சிட்டு உன் கார்டுல ஏறிக்கிறேன்" என்றாள்.

"ஊரே ஒரு கார்டை ரெண்டாக்க அலையுது. நீ ரெண்டை ஒண்ணாக்கச் சொல்ற. பொங்கலுக்கு ஒரு கரும்பு போயிரும்."

"போகட்டும். போன தடவை நீ படிக்கட்டுல உக்காந்த மாதிரி இன்னொரு தடவை உக்காரக் கூடாது. அதுக்கு ஒரு கரும்பு போனா என்ன?"

நான் பால் சட்டியைத் தேய்க்கப் போனேன்.

நவம்பர் 4

அவள் சொன்ன படிக்கட்டைப் பற்றி நான் இதில் எழுதியதே இல்லை என்று இன்று புரட்டிப் பார்த்தபோது தெரிந்தது.

போன வருடம் ஜூனில் அவளிடம் ஸ்கூட்டர் ஓட்டப் பழகிக்கொண்டிருந்த ஒரு பெண் பிரேக்குக்குப் பதில் ஆக்சிலேட்டரை முறுக்கியதில் இவள் கால் முறிந்தது. ஆஸ்பத்திரியில் முதலில் கேட்டது, "நீங்க யாரு?" தோழி என்றேன். "ஒரே கார்டுல பேர் இருக்கா? இல்லைன்னா சொந்தக்காரங்களை வரச் சொல்லுங்க." ராஜபாளையத்திலிருந்து அவளுடைய அண்ணன் வந்து கையெழுத்துப் போடும்வரை ஐந்து மணி நேரம் அவள் வலியில் கிடந்தாள். கூட இருக்கிற ஆளுக்கான பாஸ் அண்ணிக்குக் கிடைத்தது. நான் இரண்டு நாள், ரசம் ஊற்றிய பிளாஸ்கோடு இரண்டாம் மாடிப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன். அண்ணி நல்லவர்தான். ரசத்தை வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தார். அவ்வளவு மிளகு போட்டது யார் என்று உள்ளே இருந்தவளுக்குத் தெரிந்திருக்கும்.

வருகிற ஜனவரி 21 அன்று, அப்போது எலும்பில் வைத்த தகட்டை எடுக்க வேண்டும். அதே ஆஸ்பத்திரி.

நாங்கள் கணவன் மனைவி போல என்று எழுத வந்து அடித்துவிட்டேன். எங்களில் கணவன் யாரும் இல்லை. நாங்கள் இந்திராணியும் பவளமும் போல.

நவம்பர் 8, சனி

வட்ட வழங்கல் அலுவலகம். எழுத்தர் தலை நிமிராமலே, "பிரிக்கணுமா?" என்றார்.

"சேர்க்கணும்" என்றாள் பவளம்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "என் சர்வீஸ்லயே இதான் முதல் தடவை மேடம். உறவு?"

"வந்து..." என்று நான் ஆரம்பித்தேன். "இணையர் சார். பதினேழு வருசமா சேர்ந்து வாழறோம்" என்று பவளம் முடித்தாள். பின்னால் வரிசையில் யாரோ இருமினார்கள். நான் சுவரில் இருந்த மண்ணெண்ணெய் அறிவிப்பை இரண்டு முறை படித்தேன். அது நான்கு வருடம் பழையது.

மனிதர் மோசமில்லை. மேலே போய் ஒருவரைக் கேட்டுவிட்டு வந்தார். கணினியில் கணவர், மனைவி, மகன், மருமகள் என்று இறங்கிக்கொண்டே போனார். நாங்கள் எங்கும் இல்லை. கடைசியில், "மற்றவர்னு போட்டுக்கலாம். ஒரே வீடு, ஒரே சமையலான்னு ஆய்வாளர் நேர்ல வந்து பாப்பாரு. அவரு எழுதறதுதான் முடிவு" என்றார்.

ஒரே சமையலா என்று கேட்டதும் நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

நவம்பர் 9, ஞாயிறு

எங்கள் வீட்டு இரண்டாவது அடுப்பின் கதை இதுதான். பவளத்துக்குத் தனிக் கார்டு வாங்கியபோது, தனிச் சமையல் இருந்தால்தான் தருவோம் என்றார்கள். வீட்டுக்காரர் நாகரத்தினம் அக்கா கீழ்வீட்டிலிருந்து ஒரு அடுப்பைத் தூக்கிவந்து எங்கள் ஹாலில் வைத்து, "ரெண்டு பேரும் வேற வேற குடித்தனம் சார்" என்று வந்தவரிடம் அடித்துச் சொன்னார். மில் கேன்டீனில் முப்பது வருடம் இருந்தவர். வாய் சாமர்த்தியம் அங்கே வாங்கியது. அன்றிலிருந்து அந்த அடுப்பு ஹால் மூலையில் இருக்கிறது. பற்ற வைத்ததே இல்லை. மேலே பவளத்தின் ஹெல்மெட்டும் என் பழைய டைரிகளும்.

எங்களுக்கும் அது சௌகரியமாக இருந்தது. யாராவது வந்தால் இரண்டு அடுப்பைப் பார்ப்பார்கள், இரண்டு கட்டிலைப் பார்ப்பார்கள், போய்விடுவார்கள்.

"அக்காகிட்ட விசயத்தைச் சொல்லிரு. ஆய்வாளர் வந்து முதல்ல அவங்களைத்தான் கேப்பாரு" என்றாள் பவளம்.

"சொல்றேன்."

"என்னன்னு சொல்லுவ?"

"சொல்றேன்னா விடேன்."

நவம்பர் 11

அக்கா முருங்கைக்கீரை கொண்டுவந்தார். கீரை ஆய்வதற்கே நேரம் சரியாகப் போய்விட்டது.

நவம்பர் 15

மாடிப்படியில் அக்காவைப் பார்த்தேன். கார்டு விஷயமாக ஆள் வருவார் என்று சொன்னேன். "நான் பாத்துக்கிறேன் தாயி, நீ கவலைப்படாத" என்றார். எவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டது. அக்காவிடம் சொல்லிவிட்டதாகப் பவளத்திடம் சொன்னேன். பொய் இல்லையே.

நவம்பர் 26, புதன்

இதை எப்படி எழுதுவது.

சாயங்காலம் வந்தபோது அக்கா மாடியில், எங்கள் வீட்டு வாசலில் பரிசு வாங்கியவர் முகத்தோடு நின்றிருந்தார். பவளமும் அப்போதுதான் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு ஏறி வந்தாள்.

"ஆளு வந்தாருத்தா! நல்லவேளை சாவி எங்கிட்ட இருந்துச்சு. அவரை கீழ உக்கார வச்சு மோர் குடுத்துட்டு மேல ஓடியாந்தேன். ஹெல்மெட்டை எறக்கி வச்சிட்டு, மூலையில கெடந்த அடுப்பைத் தொடச்சு, என் சிலிண்டரை மாட்டி உலை வச்சுப்புட்டேன். உள்ள ஒரு உலை, ஹால்ல ஒரு உலை. சார், அது போஸ்டாபீஸம்மா சோறு, இது ஸ்கூட்டர் டீச்சர் சோறுன்னேன். ரெண்டு பேருக்கும் ஆகவே ஆகாது சார், மூஞ்சி குடுத்துப் பேசி ரெண்டு வருசமாச்சுன்னேன். மனுசன் அம்புட்டையும் எழுதிக்கிட்டாரு! கார்டுக்கு ஒண்ணும் ஆகாது, நிம்மதியா இருங்க."

பவளம் முதலில் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. அக்காவுக்கு நன்றி சொல்லி அனுப்பினாள். கதவைச் சாத்தியதும் என் பக்கம் திரும்பி, "நீ சொல்லவே இல்லையா?" என்றாள்.

விவரமாகச் சொல்ல மறந்துவிட்டேன் என்றேன்.

நவம்பர் 27

பேசவில்லை. அக்காவின் சிலிண்டர் இன்னும் மாட்டியபடியே இருக்கிறது. ஹால் அடுப்பில் அவளுக்கு மட்டும் இரண்டு தோசை வார்த்துக்கொண்டாள். அக்கா சொன்ன பொய்யை ஒரே நாளில் மெய்யாக்கிவிட்டாள்.

நவம்பர் 29

இன்று ஊத்தப்பம். வெங்காய வாசனை வந்தது. எனக்கு வேண்டுமா என்று கேட்கவில்லை.

டிசம்பர் 2, செவ்வாய்

குறுஞ்செய்தி வந்தது. "தனித்தனிச் சமையல். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது." கவுண்டரில் உட்கார்ந்து படித்தேன். எதிரில் நின்ற அம்மாள், "உடம்பு சரியில்லையாம்மா?" என்றார். அவருடைய படிவத்தில் தேதி இல்லை. வாங்கி வைத்துவிட்டேன். பிறகு நானே தேதி போட்டேன்.

வீட்டில் பவளத்திடம் போனைக் காட்டினேன். ஐந்து நாளுக்குப் பிறகு பேசினாள்.

"கார்டு வரலைன்னு எனக்கு வருத்தம்தான். ஆனா கோவம் அதுல இல்ல. ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியச் சொன்னேனா? ஒரே ஒரு ஆளு. நமக்காக அடுப்புத் தூக்குன ஆளு. அவங்ககிட்ட என்னை யாருன்னு சொல்ல உனக்குக் கூச்சமா இருக்குல்ல, இந்து?"

மறக்கவில்லை. நவம்பர் 26 அன்று மறந்துவிட்டேன் என்று சொன்னது பொய். கீரை ஆய நேரமாகிவிட்டது என்று எழுதியதும் பொய். இரண்டையும் அடிக்காமல் விடுகிறேன்.

டிசம்பர் 5

2018 செப்டம்பரில், எங்களைப் போன்றவர்கள் குற்றவாளிகள் இல்லை என்று தீர்ப்பு வந்த அன்று ஜாங்கிரி வாங்கி வந்தேன். அக்காவுக்கும் ஒரு பெட்டி. எதற்கு என்று கேட்டார். எனக்குப் பதவி உயர்வு என்றேன். இன்றுவரை அப்படி ஒரு உயர்வு வரவில்லை. 2023 அக்டோபரில் திருமணத்துக்கு இடமில்லை என்று நீதிமன்றம் சொன்ன அன்று, இரண்டு பேரும் ஒன்றும் பேசாமல் அடை சாப்பிட்டோம். அக்கா வந்து, "யாருக்கும் மேலுக்குச் சொகமில்லையா?" என்று கேட்டார். தலைவலி என்றோம். நல்ல செய்தியையும் கெட்ட செய்தியையும் கீழ்வீட்டுக்குச் சொல்லாமலே ஏழு வருடம் போயிருக்கிறது. சட்டம் பயத்தை எடுத்துவிட்டது என்று நினைத்திருந்தேன். போலீஸ் பயம்தான் போயிருக்கிறது. கீழ்வீட்டுப் பயம் அப்படியே இருக்கிறது.

டிசம்பர் 6, சனி

காலை பத்து மணிக்குக் கீழே போனேன். அக்கா மிளகாய் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார். நானும் உட்கார்ந்து கிள்ளினேன். பாதி முறம் முடிந்தது.

"அக்கா, கார்டைப் பிரிச்சு வைக்க இல்ல, சேக்கத்தான் எழுதிப் போட்டோம்."

"சேக்கவா?"

"பவளம் எனக்கு... நாங்க சும்மா கூடத் தங்கியிருக்கறவங்க இல்ல அக்கா. கல்யாணம் முடிச்சவங்க எப்படியோ, அப்படித்தான். முதல்லருந்தே."

அக்கா கையில் இருந்த மிளகாயை முறத்தில் போட்டார்.

"எனக்குத் தெரியாதாக்கும்?"

நான் கிள்ளுவதை நிறுத்தினேன்.

"ஏன்டியம்மா, பதினேழு வருசமா அந்த அடுப்புல ஒரு கரிப் பொட்டு இல்ல. ரெண்டு குடித்தனம்னு நான் ஊருக்குத்தான் சொன்னேன், எனக்கா சொல்லிக்கிட்டேன்? தெரிஞ்ச புதுசுல எனக்கும் ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு. மறைக்கல. காலி பண்ணச் சொல்லலாமான்னுகூட நெனச்சேன். அப்புறம் எனக்கு டைபாய்டு வந்தப்ப, பெத்த மகன் சென்னையிலருந்து போன்ல நலம் விசாரிச்சான். நீங்க ரெண்டு பேரும் மாத்தி மாத்தி லீவு போட்டுக் கஞ்சி ஊத்துனீக. அன்னையோட அந்த நெனப்பு போச்சு."

"அப்ப ஏங்க்கா ஒரு வார்த்தை கேக்கல?"

"நீங்க மறைக்கிறீக. மறைக்கிறவுகளுக்கு நான் ஒத்தாசையா மறைச்சேன். நீ வாயத் தெறக்காம நான் எப்படித் தெறக்கிறது? பதவி உயர்வுன்னு ஜாங்கிரி குடுத்தியே, மறுநாள் பேப்பர் நானும் படிச்சேன்."

அழுதுவிட்டேன். மிளகாய்க் கையால் கண்ணைத் துடைத்ததில் இன்னும் அழுதேன். அக்கா தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டுக்கொண்டே என்னைத் திட்டினார். திட்டியது மிளகாய்க்கு மட்டும் இல்லை.

மாடிக்குப் போனபோது பவளம் என் சிவந்த கண்களைப் பார்த்துப் பதறிவிட்டாள். சொன்னேன். கேட்டுவிட்டுப் போய், ஹால் அடுப்பிலிருந்து சிலிண்டரைக் கழற்றினாள். மதியம் ஒரே உலை.

டிசம்பர் 9, செவ்வாய்

விடுப்பு போட்டேன். மூன்று பேரும் ஆட்டோவில் வட்ட வழங்கல் அலுவலகத்துக்குப் போனோம். ஆய்வாளரும் அங்கேயே இருந்தார். அக்காவைப் பார்த்ததும், "மோர் கொடுத்த அம்மா!" என்று சிரித்தார்.

"சார், அன்னைக்கு நான் சொன்னது அம்புட்டும் பொய்" என்றார் அக்கா.

"பொய்யா?"

"பதினேழு வருசமா சொல்றேன். பழகிப் போச்சு. ஒரே வீடு, ஒரே உலை. மூஞ்சி குடுத்துப் பேசறதில்லைன்னதும் பொய். பேச்சு கீழ வரைக்கும் கேக்குது, மத்தியானம் தூங்க முடியல. எங்க வேணாலும் எழுதிக் கையெழுத்துப் போடறேன்."

ஆய்வாளருக்கு முகம் சுண்டிவிட்டது. "இப்படி மாத்தி மாத்திப் பேசினா நான் எதைம்மா நம்பறது? இந்த ரெண்டு பேரும் என்ன உறவு, அதையாவது ஒருத்தர் ஒழுங்காச் சொல்லுங்க."

பவளம் வாயைத் திறந்தாள். அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"இணையர் சார். இவ பவளம். நான் இவளோட வாழறேன். அக்கா பொய் சொன்னதுக்குக் காரணம் நான்தான். அவங்ககிட்ட உண்மையைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லாமப் போச்சு."

குரல் நான் நினைத்ததைவிடப் பெரிதாக வந்துவிட்டது. அலுவலகத்தில் முத்திரை குத்துகிற சத்தம் ஒரு நிமிடம் நின்றது. பின்னால் ஒருவன் ஏதோ சொல்லிச் சிரித்தான். என்ன சொன்னான் என்று எழுதப் போவதில்லை. பவளம் என் கையை விடவில்லை. எழுத்தர் மட்டும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "புதுசா ஒரு மனு எழுதுங்க மேடம், நான் நம்பர் போட்டுத் தரேன்" என்றார்.

ஒரு கட்டம் விடாமல் நிரப்பிக் கொடுத்தேன்.

டிசம்பர் 19

ஆய்வாளர் வந்தார். சமையலறையைப் பார்த்தார். ஹால் மூலையைப் பார்த்தார். அடுப்பு இருந்த இடத்தில் தரை மட்டும் வெளுத்திருந்தது.

"இங்க இருந்தது?"

"கீழ அக்கா வீட்டுக்குத் திரும்பிப் போயிருச்சு" என்றாள் பவளம். அவர் சிரிக்காமல் எழுதினார். போகும்போது, "மற்றவர்னுதான் வரும். நீங்க சொன்ன வார்த்தை அந்தக் கட்டத்துல இல்ல. என்னால ஆனது அவ்வளவுதான்" என்றார். அதைச் சொன்ன விதத்தில் அவரை எனக்குப் பிடித்துப்போனது.

டிசம்பர் 28

சென்னையிலிருந்து அக்காவின் மகன் போன் செய்திருக்கிறான். யார் சொன்னார்களோ. அவர்களைக் காலி பண்ணச் சொல் என்று சத்தம் போட்டானாம். "வீடு எம் பேர்ல இருக்குடா" என்று அக்கா வைத்துவிட்டார். சொல்லும்போது சிரித்தார். ஆனால் இன்று மூன்று முறை காரணமில்லாமல் மாடிக்கு வந்துபோனார். பொங்கலுக்கு மகன் வருவது சந்தேகம்தான்.

ஜனவரி 3

கார்டு பற்றிய செய்தி வரவில்லை.

ஜனவரி 5

வரவில்லை. நான் ஒன்றும் அதற்காகக் காத்துக்கொண்டிருக்கவில்லை. போனை அடிக்கடி பார்ப்பது மணி பார்க்க.

ஜனவரி 7, புதன்

சேர்ந்துவிட்டது! திரையில் என் பெயர். கீழே அவள் பெயர். உறவு: மற்றவர். பவளம் அந்தத் திரையை அக்காவிடம் காட்டப் படியில் இரண்டிரண்டாக இறங்கினாள். தகடு, வலி எல்லாம் எங்கே போனதோ.

ஜனவரி 12

பொங்கல் பரிசு வரிசை. கடைக்காரர் பட்டியலைப் பார்த்துவிட்டு, "எப்பவும் ரெண்டு வாங்குவீங்களே?" என்றார்.

"இப்ப ஒரே கார்டு."

"ஏன், ஒருத்தர் காலி பண்ணிட்டாங்களா?"

"இல்ல. ரெண்டு பேரும் ஒரே குடும்பம்."

பக்கத்தில் நின்ற பெண்மணி தன் பையைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டார். அவருக்குப் பின்னால் நின்ற பவளத்தின் பழைய மாணவி ஒருத்தி, "மிஸ், கரும்பை வண்டியில நான் கட்டித் தரவா?" என்றாள். இரண்டும் ஒரே வரிசையில்தான் நடந்தன.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். அக்காவுக்கு அடிக்கரும்பு. அவருடைய பங்கு கரும்பை வைத்துக்கொண்டே எங்களுடையதிலும் பங்கு கேட்டார்.

ஜனவரி 21, புதன்

ஆஸ்பத்திரி. காலை ஏழு மணிக்குச் சேர்த்தாகிவிட்டது. நர்ஸ் பழைய கோப்பைப் புரட்டினார். "இதுல அண்ணன் நம்பர்தான் இருக்கு. அவர் வரலையா?"

"இவங்க வந்திருக்காங்க" என்றாள் பவளம்.

படிவத்தை என்னிடம் கொடுத்தார். நோயாளியின் பெயர், வயது, முகவரி. பிறகு அந்தக் கட்டம். கார்டில் இருப்பதை எழுதினால் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள் என்று தெரியும். "இணையர்" என்று எழுதினேன். கூட்டுக் கார்டின் நகலை வைத்தேன்.

நர்ஸ் படித்தார். என்னைப் பார்த்தார். பவளத்தைப் பார்த்தார். "டாக்டரைக் கேட்டுட்டு வரேன்" என்று போனார். இருபத்திரண்டு நிமிடம். சட்டத்தில் எங்களுக்கு இன்னும் பெயர் இல்லை. இன்றைக்கு ஒரு டாக்டரின் மனசுதான் சட்டம். நாளைக்கு வேறு டாக்டர் என்றால் மறுபடி முதலிலிருந்து. பவளம் என் முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டே, "படிக்கட்டைப் போய்ப் பாத்துட்டு வந்தியா, கூட்டியிருக்காங்களா?" என்றாள். பயந்தால் இப்படித்தான் கிண்டல் செய்வாள்.

நர்ஸ் வந்தார். "ஒரே கார்டுல இருக்கீங்கள்ல, போதும்னுட்டார். இங்க ஒரு கையெழுத்து. இங்க ஒண்ணு." பிறகு மேஜையைத் திறந்து, கயிறு கோத்த பச்சைப் பாஸை எடுத்து என்னிடம் நீட்டினார். எதிரில் ஆள் நிற்பதையும் மறந்து உடனே கழுத்தில் மாட்டிக்கொண்டேன்.

பதினொரு மணிக்கு வெளியே கொண்டுவந்தார்கள். எல்லாம் நல்லபடியாக முடிந்தது. கட்டிலுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். பிளாஸ்கில் ரசம் இருக்கிறது. இந்த முறை அதை யார் கையிலும் கொடுத்தனுப்ப வேண்டாம்.

சற்றுமுன் கண்ணைத் திறக்காமலே உதட்டை அசைத்தாள். குனிந்து கேட்டேன்.

"இந்து... படிக்கட்டுலயா இருக்க?"

"இல்லடி. உள்ளதான் இருக்கேன்."

தலையை என் பக்கம் திருப்பிப் படுத்துக்கொண்டாள்.